கோயில் பக்கத்துக்கு எழுத்தளவு: பிக்சலா, எம்மா, ரெம்மா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் புரியும். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அகப்பக்கம் செய்கிறீர்கள். எழுத்தெல்லாம் 14 பிக்சல் கொடுத்திருந்தீர்கள். உங்கள் திறன்பேசியில் நன்றாக இருக்கிறது, கோயில் தலைவர் தன் மடிக்கணினியில் வாசிக்க முடியவில்லை என்கிறார். நண்பர் ஒருவர் சொன்னார் என்று எல்லாவற்றையும் எம் என்ற அலகுக்கு மாற்றினீர்கள், உபயக்காரர் பட்டியல் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. இன்னொருவர் திரை அகலத்தை வைத்துக் கணக்கிடும் விடபிள்யூ அலகைப் போடு, திரைக்குத் தகுந்த மாதிரி தானாக மாறிக்கொள்ளும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

முடிவை முதலிலேயே சொல்கிறேன். எழுத்துக்கு ரெம் (வாசகர் உலாவியில் வைத்த அளவைப் பின்பற்றும் அலகு). எழுத்தோடு சேர்ந்து வளர வேண்டியதற்கு, உதாரணமாகப் பொத்தானின் உள்ளிடைவெளிக்கு, எம். விடபிள்யூவைத் தனியாக எழுத்துக்குக் கொடுக்கவே வேண்டாம். பெரிய தலைப்புக்கு மட்டும் கிளாம்ப்புக்குள் (அளவுக்குக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் வைக்கும் வழி) ரெம்மோடு கலந்து கொடுங்கள். பக்கம் முழுவதையும் அடக்கிய எச்டிஎம்எல் உறுப்பின் எழுத்தளவில் கையே வைக்காதீர்கள். ஏன் என்பதைத்தான் இனி எழுதப் போகிறேன், கொஞ்சம் நீளும்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் வட்டாரத்துச் சங்கம் ஒன்றுக்கு நான் பக்கம் செய்து கொடுத்தபோது, பொருளாளர் என்னை வீட்டுக்கே கூப்பிட்டார். எழுபதைத் தாண்டியவர், தோட்ட ஆபீசில் காலமெல்லாம் செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேடு, எழுதிய எழுத்தர், இன்றைக்கும் எல்லாருக்கும் அவர் கிராணியார்தான். மடிக்கணினியைத் திறந்து ஒரு செய்தித்தளத்தைக் காட்டினார். எழுத்து நல்ல பெரிதாக இருந்தது. பிறகு என் பக்கத்தைத் திறந்தார், எழுத்து சின்னதாகிவிட்டது. "மத்த பக்கமெல்லாம் நான் சொன்னா கேக்குது தம்பி, உங்களுது மட்டும் கேக்க மாட்டேங்குது" என்றார். குரோம் உலாவியின் அமைப்புகளில் தோற்றம் என்ற பகுதிக்குப் போய்ப் பார்த்தேன். எழுத்தளவு 'மிகப் பெரியது' என்று வைக்கப்பட்டிருந்தது. பேரன் வைத்துக் கொடுத்ததாம்.

அந்தப் பட்டியலில் ஐந்து படிகள் இருக்கின்றன: 9, 12, 16, 20, 24 பிக்சல். யாரும் தொடாத வரை 16. கிராணியார் வீட்டில் அது 24. அவர் தன் கண்ணுக்கு எது வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். நான் 14 பிக்சல் என்று எழுதியதால் உலாவி அவர் சொன்னதைத் தள்ளிவிட்டு நான் சொன்னதை எடுத்துக்கொண்டது. ரெம் என்றால் எச்டிஎம்எல் உறுப்பின் எழுத்தளவில் இத்தனை மடங்கு என்று பொருள். அந்த உறுப்பில் நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் வாசகர் வைத்த அளவே அதற்கு வந்து சேரும். 1 ரெம் உங்களுக்கு 16, கிராணியாருக்கு 24. உங்கள் கோயில் தலைவரின் மடிக்கணினியிலும் அந்த அமைப்பை ஒருதரம் பார்த்துவிடுங்கள், அநேகமாக அவரும் ஏதோ மாற்றி வைத்திருப்பார்.

'கண்ட்ரோல், பிளஸ் அழுத்தினால் பிக்சல் எழுத்தும் பெரிதாகிறதே' என்று நீங்கள் கேட்கலாம். ஆகிறது. இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 காலத்தில் பிக்சலில் எழுதிய எழுத்தை வாசகரால் பெரிதாக்கவே முடியாது, எம் பக்கம் ஆட்கள் போனதற்கு முதல் காரணம் அதுதான். இன்றைய உலாவிகள் பக்கத்தை முழுசாகப் பெரிதாக்குகின்றன. ஆனால் அப்படிச் செய்தால் படம், பட்டை, இடைவெளி எல்லாமே சேர்ந்து பெரிதாகும். வயதானவர் கேட்பது எழுத்து மட்டும் பெரிதாக வேண்டும் என்று. அதை ஒருமுறை அமைத்துவிட்டால் எல்லாப் பக்கத்துக்கும் பொருந்த வேண்டும் என்றும். உங்கள் பக்கத்துக்கு வரும்போது மட்டும் அவர் தனியாக ஒரு வேலை செய்ய வேண்டியிருக்கக் கூடாது.

இப்போது உங்கள் உபயக்காரர் பட்டியல். நீங்கள் அனுப்பிய ஸ்டைல்ஷீட்டில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பு) பட்டியல் உறுப்புக்கு 0.85 எம் என்று இருக்கிறது. எழுத்தளவில் எம் என்பது தாய் உறுப்பின், அதாவது அதை உள்ளே வைத்திருக்கும் உறுப்பின், எழுத்தளவைப் பார்த்துக் கணக்குப் போடும். உங்கள் பட்டியலோ மூன்று அடுக்கு: திருவிழா நாள், அதற்குள் காலை பூஜை மாலை பூஜை, அதற்குள் உபயக்காரர் பெயர்கள். முதல் அடுக்கில் 16-இல் 0.85, அதாவது 13.6 பிக்சல். இரண்டாவது அடுக்கு அந்த 13.6-இல் 0.85, 11.56. மூன்றாவது 9.8. பத்து நாள் திருவிழாவுக்குக் கைக்காசு போட்டவர்களின் பெயர்தான் பக்கத்திலேயே மிகச் சிறிய எழுத்தில் நிற்கிறது. அதை 0.85 ரெம் என்று மாற்றுங்கள், எத்தனை அடுக்கு உள்ளே போனாலும் 13.6-லேயே நிற்கும். என்னைக் கேட்டால் பெயர்களுக்கு 1 ரெம்மே கொடுங்கள். பெயரைத் தேடித்தானே குடும்பத்தோடு வந்து பார்க்கிறார்கள்.

இதற்காக எம்மைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். எழுத்தளவைத் தவிர மற்ற இடங்களில், பேடிங் (உள்ளிடைவெளி), மார்ஜின் (வெளியிடைவெளி) போன்றவற்றில், எம் பார்ப்பது அந்த உறுப்பின் சொந்த எழுத்தளவை. அது நமக்கு மிகவும் உதவும். 'உபயம் பதிவு செய்ய' என்ற பொத்தானுக்கு எழுத்து 1.25 ரெம், பேடிங் மேலும் கீழும் 0.5 எம், பக்கங்களில் 1 எம் என்று கொடுத்துப் பாருங்கள். நாளைக்கு எழுத்தை 1.5 ரெம் ஆக்கினாலும் பொத்தான் தன் உருவம் கெடாமல் பெரிதாகும். தலைப்புக்கு மட்டும் கவனம் தேவை: எழுத்தளவு 2 எம், கீழ் மார்ஜின் 1 எம் என்று எழுதினால் அந்த மார்ஜின் 32 பிக்சல், 16 இல்லை. பலர் தடுக்கி விழும் இடம் இது.

எச்டிஎம்எல் உறுப்பில் 62.5 சதவீதம் போடும் பழக்கம் ஒன்று உண்டு, 2004-இல் ரிச்சர்ட் ரட்டர் எம் கணக்கை எளிதாக்கச் சொன்ன வழியிலிருந்து வந்தது. 16-இல் 62.5 சதவீதம் 10, அதனால் 1.4 ரெம் என்றால் 14 பிக்சல், மனக்கணக்கு சுலபம். வாசகரின் அமைப்பையும் அது கெடுப்பதில்லை, சதவீதம்தானே. ஆனாலும் நான் பயன்படுத்துவதில்லை. வெளியிலிருந்து எடுத்து ஒட்டும் நாட்காட்டி, படிவம், படக்காட்சி எல்லாம் 1 ரெம் என்றால் 16 என்று நம்பி எழுதப்பட்டவை. உங்கள் பக்கத்துக்குள் வந்ததும் எல்லாம் சுருங்கிவிடும். 14-ஐ 16-ஆல் வகுத்து 0.875 என்று எழுதுவதில் என்ன கஷ்டம்? அந்த உறுப்பில் நேராக 16 பிக்சல் என்று எழுதுவது இதைவிட மோசம். அப்படி எழுதினால் பக்கம் முழுக்க ரெம் போட்டிருந்தாலும் கிராணியாருக்கு ஒன்றும் மாறாது.

அடுத்தது வரி உயரம். ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் எழுதப்பட்ட வழிகாட்டிகளை வைத்துக்கொண்டு நாம் தமிழ்ப் பக்கம் செய்யும்போது அடி வாங்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிறுத்தி எழுதுகிறேன்.

உங்கள் தலைப்பு 'தீமிதித் திருவிழா'. எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தீ, மி, தி, தி, வி ஐந்துக்கும் தலைக்கு மேலே விலங்கு, அதாவது இகர, ஈகாரச் சுழி. த் என்பதற்கு மேலே புள்ளி. ரு கீழே இறங்குகிறது, ழா கீழே இறங்குகிறது. மொத்தம் எட்டே எழுத்து, ஒன்றுகூட நடுக்கோட்டுக்குள் அடங்கி உட்காரவில்லை. இப்படிப்பட்ட தலைப்பு திறன்பேசியில் இரண்டு வரியாக மடியும்போது மேல்வரியின் வால் கீழ்வரியின் விலங்கில் போய் இடிக்கும். மலாய்ப் பக்கங்களில் உடல் எழுத்துக்கு, அதாவது பத்திகளின் சாதாரண எழுத்துக்கு, 1.4, 1.5 என்று கொடுக்கும் வரி உயரம் நமக்குப் போதாது. உடல் எழுத்துக்கு 1.7, தலைப்புக்கு 1.4 என்று நான் தொடங்குவேன். கண்ணால் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், அந்த எண்ணுக்குப் பின்னால் எந்த அலகும் வராமல் வெறும் 1.7 என்றே எழுதுவது. பக்கத்தில் தெரிவதையெல்லாம் அடக்கிய உங்கள் பாடி உறுப்பில் 1.7 எம் என்று இருக்கிறது. உலாவி அதை அங்கேயே பெருக்கி 27.2 பிக்சல் என்று முடிவு கட்டிவிட்டு, அந்த 27.2-ஐத்தான் பிள்ளை உறுப்புகளுக்குக் கொடுக்கும். 40 பிக்சல் தலைப்புக்கும் வரி உயரம் 27.2 தான். நீங்கள் அனுப்பிய படத்தில் கோயில் பெயர் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதற்குக் காரணம் இதுவே, எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். அலகில்லாத 1.7 என்றால் அந்த எண்தான் கீழே இறங்கும், ஒவ்வோர் உறுப்பும் தன் அளவால் பெருக்கிக்கொள்ளும்.

இனி விடபிள்யூ. 1 விடபிள்யூ என்பது திரை அகலத்தில் நூற்றில் ஒரு பங்கு. தலைப்புக்கு 5 விடபிள்யூ கொடுத்தால் 360 அகலத் திறன்பேசியில் 18 பிக்சல், தலைப்புக்குச் சின்னது. 1366 அகல மடிக்கணினியில் 68 பிக்சல், கோயில் பெயரே திரையை அடைத்துக்கொள்ளும். இது சரிசெய்யக்கூடிய குறை. சரிசெய்ய முடியாத குறை வேறு. கிராணியார் கண்ட்ரோல், பிளஸ் அழுத்தி 200 சதவீதம் வைக்கிறார் என்று வையுங்கள். உலாவி அப்போது திரை அகலத்தை 683 என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும். 683-இல் 5 பங்கு 34, அதை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் மறுபடியும் 68. எத்தனை தடவை அழுத்தினாலும் அந்தத் தலைப்பு அசையாது. இணைய அணுகல்தன்மை வழிகாட்டியில் 2008 முதலே ஒரு விதி உண்டு: எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்க முடிய வேண்டும், உள்ளடக்கம் எதுவும் காணாமல் போகக் கூடாது. வெறும் விடபிள்யூவில் எழுதிய எழுத்து அதில் தேறாது.

ஆனால் திரைக்குத் தகுந்த மாதிரி தலைப்பு வளர வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானதுதான். அதற்குக் கிளாம்ப் இருக்கிறது: குறைந்தபட்சம், விரும்பும் அளவு, அதிகபட்சம் என்று மூன்றைக் கேட்கும். கோயில் தலைப்புக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள்: 1.5 ரெம், பிறகு 1.1 ரெம் கூட்டல் 2 விடபிள்யூ, பிறகு 2.5 ரெம். 320 அகலத்தில் நடு எண் 17.6 கூட்டல் 6.4, சரியாக 24 பிக்சல், அதுதான் 1.5 ரெம். அங்கிருந்து மெல்ல வளர்ந்து 768 அகலத்தில் ஏறக்குறைய 33, 1120-இல் 40 ஆகி அங்கேயே நிற்கும். நடுவில் எந்த இடத்திலும் துள்ளாது. நடு எண்ணில் ரெம் கலந்திருப்பதால் பெரிதாக்கினால் வளரும், வாசகரின் அமைப்பையும் கேட்கும். 2020-இலிருந்து முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் கிளாம்ப் வேலை செய்கிறது, தயங்க வேண்டாம். அதிகபட்சம் குறைந்தபட்சத்தைப் போல இரண்டரை மடங்குக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், 200 சதவீத விதியில் மாட்டமாட்டீர்கள். உடல் எழுத்துக்கு இந்த வித்தையெல்லாம் வேண்டியதில்லை, 1 ரெம் அல்லது 1.125 ரெம் போதும்.

திறன்பேசியில் பக்கம் எட்டத்தில் நின்று பார்ப்பது போலத் தெரிகிறது என்றால் அதற்கு அலகு காரணமே இல்லை. பக்கத்தை எந்த அகலத்தில் வரைவது என்று உலாவிக்குச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரி விடுபட்டிருக்கும். அது இல்லாவிட்டால் ஐபோன் பக்கத்தை 980 பிக்சல் அகலத்துக்கு வரைந்து பிறகு சுருக்கிக் காட்டும். அகலம் சாதன அகலம், தொடக்க அளவு 1 என்று எழுதினால் போதும். பெரிதாக்குவதைத் தடுக்கும் சொல்லை அதில் சேர்த்துவிடாதீர்கள். இரண்டு விரலால் விரித்துப் பார்ப்பவரைத் தடுக்க நமக்கு என்ன உரிமை?

மீடியா குவெரியையும் (திரை அகலத்தைப் பார்த்து அமைப்பை மாற்றும் விதி) பிக்சலில் எழுதியிருக்கிறீர்கள், 768-க்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பத்தி என்று. அதை 48 எம் ஆக்குங்கள். மீடியா குவெரிக்குள் எம், ரெம் இரண்டும் உலாவியின் இயல்பு அளவையே பார்க்கும், உங்கள் எச்டிஎம்எல் உறுப்பில் என்ன எழுதியிருந்தாலும் பொருட்படுத்தாது. உங்களுக்கு 48 எம் அதே 768. கிராணியாருக்கு 48 பெருக்கல் 24, அதாவது 1152. அவர் உலாவிச் சாளரம் 1024 அகலம் என்றால் இரண்டு பத்தி வராது, ஒரே பத்தியில் பெரிய எழுத்து வசதியாக உட்காரும். பிக்சலில் விட்டால் அவருக்கு 24 பிக்சல் எழுத்து ஒடுக்கமான இரண்டு பத்தியில் திணிக்கப்படும், வரிக்கு இரண்டு சொல்தான் வரும்.

எழுத்துக்கு ரெம் போட்டுவிட்டுப் பெட்டிகளின் உயரத்தைப் பிக்சலில் விட்டுவிடுகிறார்கள், அதையும் பாருங்கள். உங்கள் நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு நாளுக்கும் 60 பிக்சல் உயரப் பெட்டி இருக்கிறது. எழுத்து பெரிதானால் 'பூங்கரகம் புறப்பாடு' பாதி வெட்டுப்பட்டு நிற்கும், நேரம் எங்கோ மறைந்திருக்கும். உயரத்தை எடுத்துவிட்டுக் குறைந்தபட்ச உயரம் கொடுங்கள், அதுவும் ரெம்மில். மாறாக, திரையின் இரு ஓரத்து இடைவெளிக்கு ரெம் வேண்டாம். 2 ரெம் என்று வைத்தால் கிராணியாருக்கு ஒவ்வோர் ஓரத்திலும் 48 ஆகி, சின்னத் திரையில் எழுத்துக்கு மிச்ச இடமே இருக்காது. அங்கே 16 பிக்சல் என்று விடுங்கள். ஒரு பிக்சல் கோடும் ஒரு பிக்சலாகவே இருக்கட்டும். எல்லாவற்றையும் ரெம் ஆக்கினால் அது கண்ட்ரோல், பிளஸ் அழுத்திய மாதிரிதான் ஆகும்.

தமிழுக்கென்று இன்னும் இரண்டு விஷயம். வரி அகலத்துக்கு 65 சிஎச் என்று வழிகாட்டிகள் சொல்லும். சிஎச் என்பது அந்த எழுத்துருவில் பூஜ்ஜியத்தின் அகலம். நம் ணை, ஞா, ஔ எல்லாம் பூஜ்ஜியத்தைவிட எவ்வளவு அகலம் என்று உங்களுக்கே தெரியும், அந்தக் கணக்கு தமிழுக்கு ஒத்து வராது. நான் 38 ரெம் என்று அதிகபட்ச அகலம் வைக்கிறேன். அடுத்தது நீளச் சொற்கள். 'நன்கொடையாளர்களுக்கான' என்ற சொல் பெரிய எழுத்தில் சின்னத் திரையைத் தாண்டி ஓடிவிடும். ஓவர்ஃப்ளோ-ராப் பண்பைப் பிரேக்-வேர்ட் என்று வையுங்கள். உயிர்மெய்யைத் துண்டாக்காமல் எழுத்துக்கு இடையில்தான் மடிக்கும், ஆனாலும் ஒரு வரி 'ன' என்று தொடங்கினால் பார்க்கச் சகிக்காது. தலைப்பில் வரும் நீளச் சொல்லுக்கு மட்டும் எங்கே மடியலாம் என்று நீங்களே டபிள்யூபிஆர் குறியை நடுவில் வைத்துவிடுங்கள்.

ஒரே 1 ரெம் எல்லாக் கருவியிலும் ஒரே பருமனாகத் தெரியாது என்பதையும் மனதில் வையுங்கள். விண்டோஸில் நிர்மலா யுஐ, பழைய கணினி என்றால் லதா, ஆண்டிராய்டில் நோட்டோ. ஆப்பிளில் இணைமதி, தமிழ் சங்கம் எம்என்; இரண்டும் நம் மலேசிய நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்தவை, அந்த எம்என் அவர் பெயரின் முதலெழுத்துகள். ஒவ்வொன்றிலும் எழுத்து பெட்டிக்குள் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது வேறுபடும். மலாயும் தமிழும் கலந்து வரும் பக்கம் உங்களுடையது, அதனால் தமிழ்ப் பத்திகளுக்கு மொழிக் குறியீடு சரியாகக் கொடுங்கள். அதை வைத்துத் தமிழுக்கு மட்டும் வரி உயரத்தையும், தேவைப்பட்டால் எழுத்தளவையும் தனியாக மாற்றலாம்.

படிவத்தில் பெயர், தொலைபேசி எண் எழுதும் கட்டங்களுக்கு 1 ரெம்முக்குக் குறையாமல் வையுங்கள். 16 பிக்சலுக்குக் கீழே போனால் ஐபோனில் கட்டத்தைத் தொட்டவுடன் பக்கம் தானாகப் பெரிதாகி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

எல்லாம் மாற்றியபின் மூன்று சோதனை செய்யுங்கள். குரோமில் எழுத்தளவை 'மிகப் பெரியது' ஆக்கி எல்லாப் பக்கமும் திறந்து பாருங்கள். பிறகு அதை 16-க்குத் திருப்பி வைத்துவிட்டு 200 சதவீதம் பெரிதாக்குங்கள். கடைசியாக, சாளரத்தை 1280 அகலத்துக்கு வைத்து 400 சதவீதம் ஆக்குங்கள். அது 320 பிக்சல் திரைக்குச் சமம், 2018-இல் வந்த வழிகாட்டி கேட்பது அந்த அகலத்தில் பக்கவாட்டில் தள்ளாமல் வாசிக்க முடிய வேண்டும் என்பதை. மூன்றிலும் உபயக்காரர் பட்டியலையே முதலில் திறங்கள். அங்கே ஒரு பெயர் வெட்டுப்பட்டாலும் திருவிழா அன்றைக்கு உங்களிடம்தான் வந்து கேட்பார்கள்.